பால்தொரையின் எண்ணெய்

ஆலிவ் எண்ணெயின் வாசனை எனக்கு ஆகாது. பெங்களூரில் மகள் வீட்டு அடுப்படியில் அவள் வெள்ளரிக்காயையும் தக்காளியையும் நறுக்கிப் போட்டு, அதன்மேல் அந்த மஞ்சள் கலந்த பச்சை எண்ணெயை நூலாக விடும்போது, புல்லை உள்ளங்கையில் வைத்துக் கசக்கியது போல ஒரு வாசம் எழும். நல்லெண்ணெயின் இதமோ விளக்கெண்ணெயின் கனமோ அதில் கிடையாது. நான் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன். "அம்மாவுக்குப் புதுசா எது வந்தாலும் பிடிக்காது" என்று மகள் மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிப்பாள். புதுசா? என் பத்து வயதில் மூக்கில் ஏறிய வாசனை அது. அதை எனக்குக் காட்டியவன் ஓர் அமெரிக்காக்காரன். மிருகங்களிடம் அன்பாக இருக்கவேண்டும் என்று எங்கள் ஊருக்குப் போதித்தவன். அவர் என்று எழுதுவதுதான் மரியாதை என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்தும் மனம் வரவில்லை, அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

பாலக்கோட்டுக்கு மேற்கே, மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர். இரண்டாவது உலக யுத்தத்தின் பின்பாதி அது. ஓசூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த சின்ன ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தையும் யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அரிசியைக் கண்ணில் பார்ப்பது அபூர்வம், கேழ்வரகும் சோளமும் இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஊருக்கு வெளியே, மாரியம்மன் கோயில் வேப்பமரத்தை ஒட்டினாற்போல், வெள்ளைக்கார அதிகாரிகள் வந்தால் தங்குவதற்கு "முசாபரி பங்களா" ஒன்று இருந்தது. ஒரு கார்த்திகை மாதத்தில் பெங்களூர்ப் பட்டாளத்திலிருந்து நான்கு அமெரிக்கச் சிப்பாய்கள் லீவில் வேட்டையாட வந்து அங்கே இறங்கினார்கள். மூன்று பேர் தினமும் விடியுமுன்னே ஜீப்பை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்ப் பன்றியும் மானும் சுட்டுக்கொண்டு வந்தார்கள். தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஊருக்குக் கொடுத்தார்கள். கறி தின்று மாதக்கணக்கான ஊர் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டது. நான்காவது ஆள் துப்பாக்கியைத் தொடவில்லை. அவனைப் பார்த்து ஊர் சிரித்தது.

அவனுக்குப் "பால்தொரை" என்று பெயர் வந்தது, காப்பியும் டீயும் தொடாமல் வேளாவேளைக்குச் சுடவைத்த பாலை மட்டும் குடித்ததால். அவனைப்பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பங்களாச் சமையல்காரர் மரியதாஸ் சொல்லித் தெரிந்ததுதான். மரியதாஸ் கோவிலூர்ப் பக்கத்து வேதக்காரர்; இங்கிலீஷ் பேசுவார்; தம்முடைய வேதத்தைத் தவிர மற்ற வேதமெல்லாம் வேதமே இல்லை என்ற எண்ணம் உள்ளவர். "மாதா கெடையாது, சிலுவ போடறது கெடையாது. மார்மன்னு என்னமோ ஒரு வேதமாம். காப்பி ஆவாது, டீ ஆவாது, சாராயம் ஆவாது, சுருட்டு ஆவாது. கறியக்கூட குளுருகாலத்துலதான், அதுவும் துளியூண்டுதான் துன்னோணுமாம். இதெல்லாம் ஆவாதுன்னா அப்பறம் எதுக்குத்தான் பட்டாளத்துக்கு வந்தானோ!" என்பார்.

காட்டுக்குப் போகாத மனிதனுக்குப் பகலெல்லாம் வேறு வேலை இல்லை. பங்களா வராந்தாவில் எங்களை உட்காரவைத்துக்கொண்டு, மரியதாஸை மொழிபெயர்க்கச் சொல்லிப் போதிப்பான். அவர்கள் மதத்தை உண்டாக்கிய பெரியவர் ஒருமுறை தம் ஆட்களோடு நெடும்பயணம் போனபோது, கூடாரம் அடிக்கிற இடத்தில் விஷப்பாம்புகள் கிடந்தனவாம். அடிக்க ஓடியவர்களைத் தடுத்து, மனுஷன் முதலில் தன் கொடூரத்தை விடட்டும், அப்போதுதான் மிருகமும் விடும் என்று சொல்லி, குச்சியால் பத்திரமாக எடுத்து அப்பால் விடச் சொன்னாராம். சொன்ன மறுநாளே பங்களா அடுப்படியில் ஒரு கட்டுவிரியன் வந்தது. அவன் சொன்னதைச் செய்து காட்டுகிறவன். நீளக் கம்பில் அதைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் எட்டிநின்று பின்தொடர, ஏரிக்கரைப் புதரில் கொண்டுபோய் விட்டான். எங்கள் ஊர்ப் பெண்கள் விறகு பொறுக்குகிற புதர் அது. "ஏங்க தொரை, அவ்ளோ ஆசைன்னா உங்க ஊருக்கே கொண்டுக்கிட்டுப் போயி வளக்கறது! எங்க காலடியில வந்து வுடறீங்களே!" என்று அவர்கள் கத்தியதை மரியதாஸ் என்னவென்று மொழிபெயர்த்தாரோ, அவன் தொப்பியை எடுத்து அவர்களுக்கு வணக்கம் சொன்னான். நாங்கள் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்கள்தான். அடுப்படிக்கு வந்தால் அடிக்கிறவர்களும்தான். இரண்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

பிஸ்கட்டை அவன் முதலில் தெருநாய்களுக்குப் போடுவான். மிச்சம் இருந்தால் எங்களுக்கு. நாய்களுக்குக் கேட்கத் தெரியாது, பிள்ளைகளுக்குக் கேட்கத் தெரியும் என்பது அவன் கணக்கு. பசிக்கிற பிள்ளை கேட்காது, பார்த்துக்கொண்டு நிற்கும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தான். வலது கையைத் தூக்கி, இனிமேல் பறவையைக் கல்லால் அடிக்கமாட்டோம் என்று எங்களைச் சத்தியம் பண்ணச் சொல்லி, ஆளுக்கொரு கைப்பிடி பெப்பர்மிட்டுக் கொடுத்து, எங்கள் "கவண்"களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டான். சோளம் பால் பிடித்து நிற்கிற மாதம் அது. பரண்மேல் நின்று கவணில் கல் வைத்துச் சுழற்றிக் குருவி விரட்டுவதுதான் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் கொடுத்திருந்த வேலை. நான் வெறுங்கையோடு வந்து நின்றேன். அப்பா பார்த்துவிட்டு, "குருவிக்குத் தீனி போடவா நான் ஏர் ஓட்டுனன்? அந்தத் தொரையே வந்து பரண்மேல ஏறி, தயவுபண்ணிப் போங்க சாமின்னு அதுங்களக் கும்புட்டுச் சொல்லட்டும்" என்றார். அந்த வருஷம் எங்கள் மேட்டுக்காட்டில் பாதிக் கதிர் சக்கையாகத்தான் வீடு வந்தது.

இதற்கெல்லாம் பிறகும் நான் ஏன் தினமும் பங்களாவுக்குப் போனேன் என்று கேட்டால், கருவாயனால்தான். கருவாயன் என் ஆட்டுக்கிடா. உடம்பெல்லாம் செவலை, வாய் மட்டும் மை தொட்டு வைத்ததுபோல் இருக்கும். ஈன்ற அன்றே தாய் செத்துவிட்டதால், துணித்திரியைப் பசும்பாலில் நனைத்துச் சப்பவைத்து நான்தான் வளர்த்தேன். கழுத்தில் ஒரு சின்ன வெண்கல மணி கட்டியிருந்தேன். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனால் வாசலில் படுத்திருக்கும். அப்பா எனக்கு வாக்கே கொடுத்திருந்தார்: "இத நேந்தும் வுடமாட்டன், சந்தைக்கும் ஓட்டமாட்டன். இது உன்னுது." பால்தொரைக்குக் கருவாயனைக் கண்டால் உயிர். அதன் நெற்றியைத் தன் நெற்றியால் முட்டுவான். ஆட்டுக்கும் நமக்கு இருப்பதுபோலவே ஆவி உண்டு, அது சாகாது, மேலுலகத்தில் கருவாயன் உன்னோடு இருப்பான் என்று ஒருநாள் சொன்னான். "அங்கயும் நாந்தான் மேய்க்கணுமா?" என்று நான் கேட்டதை மரியதாஸ் மொழிபெயர்க்கவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மேய்ப்பதாகவே தீர்மானித்துவிட்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக அவனுடைய பிஸ்கட்டையும் பாம்பையும் கவணையும் மன்னித்திருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

இன்னொரு நாள் அவன் சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவு சீசா ஒன்றை எடுத்துக் காட்டினான். அவனுடைய பாட்டியின் அம்மா, தன் ஜனங்களோடு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வறண்ட பூமியில் மாதக்கணக்காகப் போனவளாம். வழியில் ஒரு எருது விழுந்துவிட்டதாம். விட்டுவிட்டுப் போகலாம் என்றவர்களிடம், மனுஷனுக்கு ஜெபம் பண்ணுகிற எண்ணெயைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி, அதை எருதின் தலையில் வார்க்கவைத்து, பெரியவர்களைத் தலைமேல் கைவைத்து ஜெபிக்கச் சொன்னாளாம். எருது எழுந்து நுகத்துக்கு வந்து நின்றதாம். சீசாவைத் திறந்து என் மூக்கருகே நீட்டினான். கசக்கிய புல்லின் அந்த வாசனையை முதன்முதலாக நுகர்ந்தது அப்போதுதான்.

இனி என் வீட்டுச் சங்கடத்தைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. கோயில் முன்னால் நிறுத்தி அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதறவேண்டும். அதற்குத் "துளுக்குதல்" என்று பெயர். துளுக்கினால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். துளுக்காவிட்டால் கத்தியை எடுக்கக்கூடாது. அதற்கு முந்தைய ஆடிமாசத் திருவிழாவில் எங்கள் வீட்டுக் கிடா துளுக்கவில்லை. குடம் குடமாக ஊற்றினார்கள். அது அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதன் காதுமடல் உள்பக்கமாக மடங்கியிருந்தது, உள்ளே ஒரு சொட்டுப் போகவில்லை. ஆடு மேய்க்கிற எனக்கு அது தெரிந்தது, ஆனால் பத்து வயதுப் பெண்ணை யார் கேட்கிறார்கள்! "இந்த வூட்டுமேல அம்மனுக்கு என்னமோ கொறை இருக்குது" என்று பூசாரி எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டார். என் அக்கா மாதம்மாளுக்கு அதியமான்கோட்டையில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. "அம்மன் மனசு எறங்கட்டுங்க, அப்பறம் தாலி கட்டலாம்" என்று அவர்கள் நாளைத் தள்ளிவிட்டார்கள். கிணற்றடியில் அக்காவைக் கண்டால் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். அக்கா பேசுவதையே நிறுத்திவிட்டாள். தை பிறப்பதற்குள் வேறொரு நல்ல கிடா வாங்கிக் காணிக்கை செலுத்திவிடவேண்டும் என்று அப்பா சந்தை சந்தையாக அலைந்துகொண்டிருந்தார். கருவாயனைப்பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மட்டில் வாக்கைக் காப்பாற்றினார்.

அப்படி இருக்கையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் நான் கருவாயனை வராந்தாத் தூணில் கட்டிவிட்டுக் கதை கேட்க உட்கார்ந்தேன். பால்தொரை எழுந்துபோய் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்து, கயிறு உரசி மயிர் உதிர்ந்திருந்த இடத்தை எனக்குக் காட்டி, உதட்டைப் பிதுக்கினான். பிறகு தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்து ஆணியில் மாட்டினான். அன்பாக நடத்தினால் மிருகம் எங்கும் ஓடாது, பக்கத்திலேயே இருக்கும் என்று மரியதாஸ் வாயால் சொல்லிவைத்தான். நானும் நம்பினேன். அவன் அன்பைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கருவாயன் பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுந்து, பனி சொட்டும் பச்சை அவரைக்கொடியை வயிறு கொண்டமட்டும் தின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது இடதுபக்கம் தவில்போல உப்பியிருந்தது. நாக்கு தள்ளிவிட்டது.

ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவந்தேன், அவருக்கு வைத்தியம் தெரியும். வேப்பங்குச்சியை ஒடித்து அதன் வாயில் குறுக்கே கொடுத்துக் கொம்போடு சேர்த்துக் கட்டினார். குச்சியைக் கடித்துக் கடித்து ஏப்பம் வந்தால் காற்று இறங்கும். "நடத்திக்கிட்டே இரு, படுக்க வுட்றாத" என்று சொல்லிவிட்டுத் தோட்டக்காரரைச் சமாதானம் பண்ணப் போனார். நான் நடத்தினேன். கோயில் வேப்பமரத்தடி வரைக்கும்தான் வந்தது, அங்கே விழுந்துவிட்டது. நான் இழுத்தும் எழவில்லை. அப்போது நான் அப்பாவிடம் ஓடியிருக்கவேண்டும். பங்களா பக்கத்தில் இருந்தது, சீசாவும் கதையும் நினைவில் இருந்தன. நான் பால்தொரையிடம் ஓடினேன்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு ஓடிவந்தான். மரத்தடியில் மண்டியிட்டுத் தொப்பியைக் கழற்றினான். செவ்வாய்க்கிழமையாதலால் பூசாரி கோயில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். அவன் கருவாயன் தலையில் ஒரே ஒரு சொட்டு விட்டு, சீசாவை விரலிடுக்கில் பிடித்தபடியே இரண்டு கைகளையும் அதன் தலைமேல் வைத்துக் கண்ணை மூடி முணுமுணுத்தான். அந்த நேரம் பார்த்து, குச்சியைக் கடித்த கடியில், பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. கருவாயன் காலை உதைத்துக்கொண்டு தலையைத் தூக்க, சீசா சாய்ந்து எண்ணெய் முழுக்க அதன் காதுக்குள் இறங்கியது. எழுந்து நின்று, தலையிலிருந்து வால்வரைக்கும், மணி கிணுகிணுவென்று குலுங்க, உடம்பை ஒரு உதறு உதறியது. எண்ணெய்த் துளிகள் என் முகத்தில் தெறித்தன.

பூசாரி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டார். "துளுக்கிருச்சு! தலையில ஊத்துனதும் கெடா துளுக்கிருச்சு! செவ்வாக்கெழம, அம்மன் மரத்தடி, அதே வூட்டுக் கெடா!" என்று கத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள். பால்தொரை கண்ணைத் திறந்து, நிற்கிற ஆட்டையும் குலவையிடுகிற பெண்களையும் பார்த்து, வானத்தை நோக்கிக் கையெடுத்தான். கண்ணில் தண்ணீர். அப்படியொரு சந்தோஷத்தை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாருமே சந்தோஷமாக இருந்தார்கள்.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். பூசாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆடியில வேணாம்னவ இப்பத் தானா வந்து கேக்கறா. உம் பொண்ணுக்கு வழி வுட்டுட்டாப்பா" என்றார். நான் அப்பாவின் வேட்டியை இழுத்து, "அப்பா, எண்ணெ காதுக்குள்ள போயிருச்சுப்பா. அதாம்ப்பா ஒதறுச்சு. நாம் பாத்தன்" என்றேன். அப்பா குனிந்தார். என் காதோடு, யாருக்கும் கேட்காமல், "எனக்குந் தெரியும். வாய மூடு" என்றார்.

அந்த இரண்டு பேச்சில் என் பிள்ளைப்பிராயம் முடிந்துவிட்டது. ஆடு வளர்க்கிற எவருக்குத்தான் தெரியாது! பூசாரிக்குத் தெரியாதா? அவர் வீட்டில் ஒரு பட்டி ஆடு. "என்னுதுன்னு சொன்னீங்களே" என்று அழுதேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. "உங்கக்காளப் பாரு" என்றார். தண்ணீருக்கு வந்திருந்த அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கிணற்றடிப் பெண்கள் இருவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருக்க, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றாள். ஆடிமாசத்திலிருந்து ஊர்ப்பெண் ஒருத்தியின் கை அவள்மேல் பட்டதில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கருவாயன் நெற்றியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். வேப்பிலையும் சாமந்தியும் சேர்த்துக் கட்டிய மாலை போட்டார்கள். பால்தொரை மரியதாஸிடம் ஏதோ கேட்டான், அவர் ஏதோ சொன்னார். உடனே இவன் பங்களாவுக்கு ஓடிப் போட்டோப் பெட்டியைக் கொண்டுவந்து மாலையும் கழுத்துமாக நின்ற கருவாயனைப் படம் பிடித்தான். பூசாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, ஊரே கூடி மிருகத்துக்கு மாலை போட்ட அதிசயத்தைத் தன் கூட்டாளிகளுக்குச் சொல்ல அவர்கள் போன காட்டுப் பாதையில் நடந்தான். "அவங்கிட்ட என்னா சொன்னீங்க?" என்று மரியதாஸைக் கேட்டேன். "எல்லாரும் சந்தோசமா இருக்காங்கன்னு சொன்னன். பொய்யா?" என்றார்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதை நான் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: கிடாவின் தலையில் ஊற்றித் துளுக்கவைத்தவருக்கு ஒரு தொடை கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். பூசாரி வழக்கத்தை மீறுகிறவர் அல்ல. மந்தார இலையில் தொடையை வைத்து, வெற்றிலை பாக்கோடு பங்களாவுக்கு அனுப்பினார். மரியதாஸ் அதை மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தார்.

பொழுது சாய்வதற்குள் பால்தொரை திரும்பிவிட்டதைக் கேள்விப்பட்டு, கோயில் கம்பத்தில் மாட்டியிருந்த கருவாயனின் மணியை எடுத்துக்கொண்டு நான் போனேன். அவன் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எப்போதும் கறியை ஒதுக்கிவைக்கிறவன், அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாக மரியதாஸ் பிற்பாடு சொன்னார். என்னைக் கண்டதும் சிரித்துப் பக்கத்து நாற்காலியைக் காட்டினான். நான் உட்காரவில்லை. மணியைத் தட்டின் பக்கத்தில் வைத்தேன். அது ஒரு புரளு புரண்டு கிணுங்கி நின்றது.

அவன் மணியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தட்டைக் காட்டினேன். அவன் மரியதாஸிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை அசைத்தார். அந்த முகம் எப்படி மாறியது என்று விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. அதைப் பார்க்கத்தான் நான் போனேன், பார்த்தேன், திருப்தியாக இருந்தது. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எனக்கு முன்னால் மண்டியிட்டு, மணி வைத்த என் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். நான் கையைப் பிடுங்கிக்கொண்டேன். "நீ கயித்த அவுக்காம இருந்திருந்தா அது இருந்திருக்கும்" என்றேன். அன்றைக்கெல்லாம் எதையும் ஒழுங்காக மொழிபெயர்க்காத மரியதாஸ், அதை மட்டும் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார்.

மறுநாள் காலை ஜீப் போய்விட்டது. எங்கள் கவண்களெல்லாம் வராந்தாவில் ஒரு குவியலாகக் கிடந்தன. மணியைக் காணவில்லை. அவன் கொண்டுபோய்விட்டான். அழுததெல்லாம் சரி, அது என் மணி. என்னைக் கேட்கவேண்டாமா? தை மாதத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. அதியமான்கோட்டையில் நாற்பது வருஷத்துக்குமேல் நன்றாக வாழ்ந்தாள், நான்கு பிள்ளை பெற்றாள், தன் வீட்டுத் திருவிழாக்களில் எத்தனையோ கிடா துளுக்கியதைப் பார்த்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமையைப்பற்றி நானும் அவளும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

போன மாதம் மகள் வீட்டுக் கதவை இரண்டு பையன்கள் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, நெஞ்சில் பெயர்ப் பட்டை. எந்த வேதம் என்று கேட்டேன், சொன்னார்கள். மகளுக்கு ஆச்சரியம், நான் அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தது. தெரிந்த இங்கிலீஷில் பாம்புக் கதையைக் கேட்டேன்; ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. எருதுக்கு எண்ணெய் வார்த்த கதையைக் கேட்டதும் மற்றவன் முகம் மலர்ந்தது, சின்ன வயதில் கேட்டிருக்கிறானாம். இப்போதும் ஆடு மாட்டுக்கு வார்ப்பீர்களா என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, இல்லை பாட்டி, அதெல்லாம் அந்தக் காலம், நாங்கள் பார்த்ததே இல்லை என்றார்கள். நல்லது, அந்தமட்டில் ஆடுகள் பிழைத்தன என்று சொல்லி, கருவாயன் கதையை அவர்களுக்கும் சொன்னேன். சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம், அவர் தெரியாமல்தானே சாப்பிட்டார் என்றான்.  டீ குடிக்கிறீர்களா என்று வேண்டுமென்றே கேட்டேன். வேண்டாம் என்று எழுந்துகொண்டார்கள்.

ஊரில் இப்போது அந்தப் பங்களா இல்லை. சுவரை இடித்துக் கல்லை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். அவரைக்கொடி படர்ந்த தோட்டத்தில் தக்காளி காய்த்துப் பாலக்கோட்டு மண்டிக்குக் கூடை கூடையாகப் போகிறது. கவண் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். காட்டுப்பன்றி இருக்கிறது, வேட்டைக்காரர்கள் இல்லை. கோயிலுக்குப் பளபளவென்று ஓடு பதித்திருக்கிறார்கள். கிடாவின் தலையில் குடத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றுகிறார்கள், அது இன்றைக்கும் காதில் தண்ணீர் போனால் துளுக்குகிறது. அப்பா, அக்கா, பூசாரி, மரியதாஸ், ஒருவரும் இல்லை. பால்தொரையும் இருக்கமாட்டான், அந்த மணி அமெரிக்காவில் எந்த வீட்டு அலமாரியில் கிடக்கிறதோ.

இந்தக் கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு இடத்தை எப்போதும் விட்டுவிடுவேன். அந்தப் பையன்களிடமும் விட்டுவிட்டேன். அன்று பொழுது இறங்குகிற நேரத்தில் கோயில் வாசலில் பந்தி போட்டார்கள். எத்தனையோ மாதம் கழித்து அரிசிச்சோறு. நான் ஒரு ஓரமாக அழுதுகொண்டு நின்றேன். அக்கா, ஆடிமாசத்துக்குப் பிறகு முதல்முறையாக வாய் திறந்து, "வா பாப்பா, எம் பக்கத்துல உக்காரு" என்று கூப்பிட்டு, என் இலையில் தன் கையால் இரண்டு துண்டு வைத்தாள். எனக்குப் பசி. சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவன் தெரியாமல் தின்றான். நான் தெரிந்து தின்றேன். கையைச் சரியாகக்கூடக் கழுவாமல்தான் மணியை எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஓடினேன். அவன் மண்டியிட்டு அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதபோது, அவன் தட்டிலிருந்த அதே கறியின் வாசனை அதில் அடித்திருக்கும். அவன் என்னை ஒன்றும் கேட்கவில்லை.